கறுவாத் தண்ணீருக்குச் சாட்சி

வெல்லாவெளி,
28.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி சீதேவி எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் சுகமாக இருப்பதை வீடியோக்களில் பார்க்கிறேன். மூன்று முறை போனில் சொல்லத் தொடங்கினேன். மூன்று முறையும் மஞ்சள் பூசு, வெந்தயம் கொடு என்று நீங்களே கதைத்து வைத்துவிட்டீர்கள். கடிதத்தை நடுவில் மறிக்க முடியாது. அதனால்தான் நாளைக்கு லண்டனுக்குத் திரும்பும் ரதீஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன சித்திரைக்கு வந்தபோது எங்கள் முற்றத்தில் ஒரு வீடியோ எடுத்தீர்கள். கறுவாப்பட்டையை அவித்து வெறும் வயிற்றில் குடித்தால் சீனி வருத்தம் ஓடிவிடும், இதோ என் மச்சான் இராசதுரையே சாட்சி என்று இவர் தோளில் கையைப் போட்டீர்கள். கறுவாத் தண்ணீர் குடித்தது உண்மை. கூடவே கிளினிக் குளிசையும் போட்டார், சீனி இறங்கியது. குளிசையைப் பற்றி நீங்களும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு, ஊரறியச் சொன்னதற்கு மேல் குளிசை போட்டால் மச்சானைப் பொய்யனாக்கின மாதிரி என்று குளிசையை விட்டு, கிளினிக் கொப்பியையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

மாசியில் வேளாண்மை வெட்டும்போது வயல் வட்டைக்குள் வெட்டின நெல்லுத் தாள் இவர் காலில் குத்தியது. கால் மரத்த மனிசனுக்கு நோவே தெரியவில்லை. புண் அழுகி மணம் வந்த பிறகுதான் நான் கண்டேன். உங்களிடம் சின்னக் காயம் என்று சொல்லச் சொன்னார், நானும் சொன்னேன். அண்ணன், ஆஸ்பத்திரியில் அவருடைய கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். கறுவாவில் குற்றமில்லை, கறிக்கும் போடுங்கள், தேத்தண்ணிக்கும் போடுங்கள், குளிசையை ஏன் விட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார்.

போன கிழமை ஏறாவூரிலிருந்து கைறுன்னிஸா என்றொரு பிள்ளை, வீடியோவில் கண்ட மனிசனைத் தேடி பஸ் ஏறி வந்தாள். உம்மாட குளிசைய நிப்பாட்டலாமா என்று கேட்டாள். இவர் காலைப் போர்வையால் மூடிக்கொண்டு, ஓம் மகள், எனக்கு நல்லா இறங்கிட்டு என்றார். அவளை வழியனுப்பும் சாட்டில் படலை வரை போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அது இவர் காதிலும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இவர் என் கையால் சோறு வாங்குவதில்லை. மகள் கஜானிதான் போட்டுக் கொடுக்கிறாள்.

இப்போது பக்கத்து விரலும் கறுக்கிறது. உடனே வார்ட்டில் சேராவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்கிறார்கள். மச்சான் சொல்லட்டும், போறன் என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

நேற்று மதினி போன் எடுத்திருந்தார். நான் அழுததைக் கேட்டு வாய் தவறிச் சொல்லிவிட்டார். நீங்கள் நான்கு வருடமாகக் காலையும் மாலையும் இன்சுலின் ஏற்றுகிறீர்களாம். மதினியைக் கோபிக்கவேண்டாம். உங்களுக்கு மருந்து, எங்களுக்குக் கறுவாப்பட்டையா அண்ணன்? கூடப் பிறந்தவளுக்குச் செய்கிற வேலையா இது?

கடிதம் கிடைத்த கையோடு இவருக்கு வீடியோவில் போன் எடுங்கள். புத்திமதி ஒன்றும் வேண்டாம். அவர் பார்க்கச் சட்டையைத் தூக்கி, வயிற்றில் அந்த ஊசியை ஏற்றிக் காட்டுங்கள். மனம் உடைந்துபோவார். உடையட்டும், கால் மிஞ்சும்.

நீங்கள் நெடுநாள் சுகமாக இருக்கவேண்டும். ஊசியை ஒரு நேரமும் தவறவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
சீதேவிப்பிள்ளை