ஒப்பு

1974, ஐப்பசி, வெள்ளி

காலையில் எஸ்டேட் லயத்தில் வீடு வீடாகப் போய்க் கைரேகை வாங்கினேன். எங்களுக்குக் கரண்டு கேட்கும் மனு என்றுதான் சொன்னேன். தாள் மலையாளத்தில் இருந்தது. எனக்கு வாசிக்க வராது. "எல்லாருடைய ஒப்பும் வேணும்" என்று சொல்லித்தான் கரண்டு ஆபீசர் கொடுத்தார். ஒப்பு என்றால் தமிழில் நமக்குச் சம்மதம், மலையாளத்தில் அவர்களுக்கு வெறும் கையெழுத்து என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் மலையாளம் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார் அந்தத் தாளின் நகலை வாசித்துச் சொன்னார். தண்ணீரிலிருந்து கரண்டு எடுக்க எங்கள் ஓடையைத் திருப்பிவிட எல்லோருக்கும் சம்மதமாம். லயத்துக்கு விளக்கு என்று ஒரு வரிகூட இல்லை. கடைசியில் நம் அர்த்தம்தான் சரியாக இருந்தது.

பக்கத்து வீட்டு மாடத்தி சண்டை போடவில்லை. "நீங்க சொன்னியன்னுதாண்ணே வெரல வச்சேன்" என்றாள்.

என் விரலில் மசி இன்னும் இருக்கிறது. கழுவ ஓடைக்குப் போகக் கால் வரவில்லை.