ரெக்சன் விற்ற தொட்டி

செப்டம்பர் 7, 2025

தொட்டி வந்துவிட்டது. நான்கடி நீளம். கன்டெய்னர் யார்டில் என்னோடு வேலை பார்க்கும் ரெக்சன் விற்றது. இப்போது இருப்பதைவிடச் சிறிய வீட்டுக்குக் குடிபோகிறான், வைக்க இடமில்லை. மகள் பிறந்தபோது என் பழைய கடல்மீன் தொட்டியை விற்றேன். பதினான்கு வருஷம் கழித்து மறுபடியும் வீட்டுக்குள் உப்புவாடை!

பவளப்பாறைத் தொட்டி என்று பெயர்தான். உயிர்ப்பவளம் வைத்தால் வனத்துறை வாசலில் வந்து நிற்கும். எல்லாம் செயற்கைப் பாறை. தொட்டியோடு வந்தவை அவன் வளர்த்த ஒரு சிவப்பு இறால், ஒரு ஜோடி கிளவுன் மீன். பெண்தான் பெரியது. அதைப் பார்க்கவே மூன்று தடவை எழுந்து போனேன்.

செப்டம்பர் 14

ரெக்சன் வந்தான். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்லே" என்றான். கண்ணாடியில் அவன் விரல் வைத்ததும் இரண்டு மீனும் பாய்ந்து வந்தன. ஒரு வாரமாகச் சந்தையில் இறால் வாங்கி நறுக்கி நறுக்கிப் போடுகிறேன். எனக்கு வாலைத்தான் காட்டுகின்றன. ஷெர்லின் வேறு, "ரெக்சன் அண்ணே வந்தாதான் வீட்டுல மீன் இருக்கதே தெரியுது" என்று சிரிக்கிறாள். கட்டிய மனைவி பேசுகிற பேச்சா இது?

போகும்போது இரண்டு கேன் கடல்தண்ணீர் வைத்துவிட்டுப் போனான். தெரிந்த விசைப்படகில் சொல்லித் தூரக்கடலில் எடுத்ததாம். வாராவாரம் தருவானாம்.

செப்டம்பர் 21

வந்தான். மறுபடியும் அதே கதை.

அக்டோபர் 3

ரெக்சன் போடுகிற மாதிரியே நீலக் கட்டம்போட்ட சட்டை ஒன்று வாங்கினேன். மீனுக்கு நிறம் தெரியும் என்று எங்கோ படித்தேன். போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. ஷெர்லின் பார்த்துவிட்டாள். "பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிய?" என்றாள். சட்டை பீரோவுக்குள் போயிற்று. நாற்பத்தாறு வயசு எனக்கு.

அக்டோபர் 12

கேட்டே விட்டேன். இன்றைக்கு அவன் பெரிய மீனை "ஏளா, வாளா இங்கன" என்று கூப்பிட்டான். என் வீட்டில். என் மீனை. "வித்தா வித்ததுதானலே. ஞாயித்துக்கிழம தவறாம எதுக்கு வாரே?" என்றேன். கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கீழே வைத்தான். "சரிலே" என்றான். போய்விட்டான்.

ஷெர்லின் அந்த டீயை என் முன்னாலேயே கொட்டினாள். கொட்டினால் கொட்டட்டும். வயிற்றெரிச்சல்தான், ஆமாம். எனக்கென்று ஒன்று இருக்கக் கூடாதா?

அக்டோபர் 18

பெரியது என் விரல்கிட்ட வந்தது! ஒரு நொடிதான். வந்தது.

அக்டோபர் 25

மூன்று நாளாக மழை. தண்ணீர் மாற்ற வேண்டும். ரெக்சனிடம் கேட்பேனா? கடற்கரையில் பிறந்தவன் கடல்தண்ணீருக்கு ஆள் தேடுவதாவது! பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு போய், கரையிலேயே முழங்காலளவில் நின்று மொண்டேன். நாலு நடை. தொட்டியில் பாதியை மாற்றிவிட்டேன்.

அக்டோபர் 26, காலை

இறால் செத்துக் கிடக்கிறது. பெரிய மீன் மூலையில் மணலோடு ஒட்டிக் கிடக்கிறது. செவுள் மட்டும் படபடவென்று அடிக்கிறது. சின்னது எப்படியோ நீந்துகிறது. உப்பு மீட்டரை விட்டுப் பார்த்தால் எங்கோ கீழே நிற்கிறது. ஊர் மழைத்தண்ணி பூரா ஓடை வழியா கரையிலதான வந்து விழும்? அதைப் போயி மொண்டாந்து ஊத்திருக்கேன். இதுகூடவா தெரியாது? கடக்கரையில பொறந்தவனாம். த்தூ.

போன் கையில் இருக்கிறது. கூப்பிட்டால் அவன் ஜெயித்த மாதிரி. கூப்பிடாவிட்டால் அது சாகும்.

மாலை

கூப்பிட்டேன். "எதையும் தொடாத. வாரேன்" என்றான். சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். நான்கு கேன் தண்ணீர். எப்படி உடனே கிடைத்தது என்று கேட்டேன். "வாராவாரம் வாங்கத்தான் செஞ்சேன். கொண்டாரத்தான் முடியல" என்றான்.

ஒரேயடியாக ஊற்றினால் அதுவே கொன்றுவிடுமாம். ஒவ்வொரு குவளையாக, விட்டு விட்டு, சாயங்காலம் வரை ஊற்றினான். பாதிக்கு மேல் குவளையை என்னிடம் கொடுத்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அன்னிக்கி அப்படிப் பேசிருக்கக் கூடாதுலே" என்றேன். "ஊத்து, ஊத்து" என்றான்.

நவம்பர் 2

பெரியது இரை எடுத்துவிட்டது. ரெக்சன் கையிலிருந்துதான். எனக்கு எரிந்தது. ஆனாலும் அவனுக்கு நானே டீ போட்டேன். குடித்தான்.

நவம்பர் 16, மணப்பாடு

ஷெர்லின் அக்கா மகள் கல்யாணம். மூன்று நாள் இங்கேதான். வீட்டுச் சாவியை ரெக்சனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். காலையில் வீடியோ கால் போட்டேன். போனைத் தொட்டி பக்கம் திருப்பிக் காட்டினான். அவன் விரலைப் பெரியது கடித்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கப் பொறாமைதான், இன்னும் போகவில்லை. "கிட்டக்க காட்டுலே" என்றேன். இலை போட்டாச்சு என்று ஷெர்லின் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.