யமஹாவின் கழுத்தில் இருந்த எண்

அன்பு மகள் பிரையனிக்கு,

அம்மா எழுதுகிறேன். பர்னியில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கல்கூர்லிச் சுரங்கப் புழுதியில் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். இதை மூன்று வாரம் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் சமையலறைக் கூரை ஒழுகியது, ஒரு நாள் விடைத்தாள் கட்டு வந்தது, உண்மையில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். உன் யமஹா பைக் ரோட்டுக்கு வராது, கண்ணு.

வேலை முடிந்துதான் இருந்தது. நீ கேட்ட பாசிப் பச்சை, ஒற்றை சீட்டு, அப்பாவே வளைத்த சைலன்சர். பார்க்க வந்த அப்பாவின் கூட்டாளி வாரிகூட அவரிடம், "ஏய் க்ளென், எனக்கு ஒருநாளும் இப்படிப் பண்ணித் தந்ததில்லையே, நான் என்ன சக்களத்தி மகனா?" என்று சண்டைக்கு நின்றான். அப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று, அன்றைக்குச் சிரித்தார். மறுநாள் பதிவுக்குக் கொண்டுபோனோம். பரிசோதிப்பவர் குனிந்து பார்த்து, "எல்லாம் சரிப்பா, ஃபிரேம் நம்பர் எங்க?" என்றார். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பெயின்ட் மறைத்திருக்கிறது என்று அப்பா சட்டைக் கையால் துடைத்தார். பிறகு பேனாக்கத்தியை எடுத்து, அத்தனை பேர் பார்க்க, அந்தப் பச்சையைச் சுரண்டினார். கீழே வழுவழுவென்று வெறும் இரும்பு. யாருடைய வண்டியானாலும் இரும்பு தேய்க்கும் கிரைண்டரைத் தொடுவதற்கு முன் எண்ணின் மேல் டேப் ஒட்டுவார், உனக்கே தெரியும். இதிலும் ஒட்டியிருக்கிறார். உன் வண்டியில் ஒரு மேடு பள்ளம்கூடத் தெரியக் கூடாதென்று கடைசியில் டேப்பையும் பிய்த்துவிட்டுத் தேய்த்திருக்கிறார். நீ அதை யாரோ ஒருவரின் பண்ணைக் கொட்டகையில் ரசீது இல்லாமல் வாங்கியது, பழைய பதிவுத் தாளும் கிடையாது. எண் இல்லாமல் பதிவு இல்லையாம்; புது எண் கேட்டு மனுப் போட்டுப் பார்த்தேன், முடியாது என்று பதில் வந்துவிட்டது.

அன்று முதல் அப்பா ஷெட்டுக்குப் போகவில்லை. நீ சுரங்க வேலைக்குக் கிளம்பிய அன்று அவர் "போனா திரும்ப இந்த வாசல மிதிக்காதே" என்றதும், நீ "என் வண்டிய முடிச்சு வைங்க, அத எடுக்க மட்டும் வரேன்" என்றதும் எனக்கு மறக்கவில்லை. அவருக்கும்தான். பதினான்கு மாதம் அவர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஃபிரேமில்தான் என்று நினைக்கிறேன், வாயால் கேட்க அவருக்கு வராது. "அவகிட்ட சொல்லாதே ரோ, டிசம்பர்ல வந்து பாத்துக்கட்டும்" என்கிறார். வந்து சுவரோரம் நிற்கும் வண்டியை நீ பார்க்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், அதைவிட அவர் முகம்.

நல்லா இரு. முகமூடி போடாமல் சுரங்கத்துக்குள் இறங்காதே. இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. வண்டி இல்லை, அதனால் வண்டிக்காக டிக்கெட் போடாதே. வேறு எதற்காகவாவது வரத் தோன்றினால் வா. தோன்றாவிட்டால் அதை எனக்கு மட்டும் எழுது, அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ரோவெனா