இடக்கை மேஜை

ஏப்ரல் 19, 1976
கால்பைசாகிக் கோடைப் புயலில் சாய்ந்துவிட்ட குவார்ட்டர்ஸ் வாசல் தூங்குமூஞ்சி மரத்தை இன்று வெட்டினார்கள். அடிமரத்தைக் கேட்டு வாங்கிவிட்டேன். இருபது வருஷமாகக் கிதிர்பூர் டாக்கில் கப்பல் கேபின்களுக்கு மேஜை செய்கிறவன் நான். என் வீட்டில் ஒரு மேஜை கிடையாது. "எதுக்குங்க இந்தக் கட்டை?" என்றாள் கோமதி. மகள் தமயந்திக்கு என்றேன்.

ஏப்ரல் 22
டாக்டர் சொன்னது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. போன மாதம் டெலிபோன் ஆபரேட்டர் வேலை இன்டர்வியூவில் தமயந்தியால் தன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாளாம். திக்குவாய்க்கு மருந்து உண்டா என்று கேட்கப் போனால், சின்ன வயதில் இடக்கைப் பழக்கம் இருந்ததா, அதை மாற்றினீர்களா என்று கேட்டார். அதனாலும் இருக்கலாம் என்றார். கோமதி என்னைப் பார்த்தாள்.

மாற்றியது நான்தான். அவளுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டு சரஸ்வதி பூஜையில் பிள்ளைகளை முதலெழுத்து எழுத உட்காரவைத்தார்கள். வங்காளிகள் இதை ஹாத்தே கொடி என்பார்கள். இவள் சாக்குக்கட்டியை இடக்கையில் எடுத்தாள். கூட்டம் சிரித்தது. எனக்கு மானமே போய்விட்டது. அதிலிருந்து ஒரு வருஷம், தினமும் இடக்கையைத் துண்டால் ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு வலக்கையில் பென்சிலைக் கொடுத்தேன். அழுவாள். பிறகு அழுகை நின்றது. பேச்சு திக்க ஆரம்பித்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது. மடையன்.

மே 2
கிதிர்பூர் மர மில்லில் அடிமரத்தை அறுத்தாயிற்று. ஒரு அங்குலப் பலகைகள். காற்றுப் போக இடையில் ரீப்பர் குச்சிகள் வைத்துக் கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டேன். குறைந்தது ஏழு மாதம் காய வேண்டும்.

அவள் உட்காரும் உயரத்தை அளந்தேன். "எ... எனக்கு எதுக்குப்பா?" என்றாள். உன் கைக்கு ஏற்ற மேஜை என்றேன். டிராயர் இடப்பக்கம், ஜன்னல் வெளிச்சம் வலப்பக்கமிருந்து. இடக்கையால் எழுதட்டும். கை திரும்பினால் வாயும் திரும்பாதா?

ஆகஸ்ட் 8
மழை விடவில்லை. வீடெல்லாம் ஈர மர வாசனை. பலகைகளைப் புரட்டிப் போட்டேன். ஒன்று லேசாகக் கோணிவிட்டது.

இன்னொரு இன்டர்வியூ கடிதம் வந்தது. அவள் போகவில்லை.

டிசம்பர் 12
ஞாயிறு முழுக்க இழைப்பு. தூள் மூக்கில் ஏறித் தும்மல்.

சாயங்காலம் டிராயரைப் பொருத்திவிட்டு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். டிராயர் வலப்பக்கம் இருந்தது. எதிரே நின்று கோடு போட்டிருக்கிறேன். முதல் நாள் உளி பிடித்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான். "அப்படியே இருந்துட்டுப் போகட்டுங்க, என்ன கெட்டுப்போச்சு" என்றாள் கோமதி. அவளிடம் எரிந்து விழுந்தேன். பெட்டியோடு கழற்றி உடைத்துப் போட்டேன். மறுபடி செய்யப் பலகை இருக்கிறது.

ஜனவரி 24, 1977
சரஸ்வதி பூஜை. வங்காளத்தில் இது தை மாதம்தான் வரும். இந்த நாளில் கொடுக்க வேண்டும் என்றுதான் இத்தனை ஓட்டம். பூஜை முடிந்ததும் ஜன்னலோரம் மேஜையைப் போட்டு உட்காரச் சொன்னேன். டிராயர் சரியாக இடப்பக்கம்.

தமயந்தி பேனாவை இடக்கையில் எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அதற்காக எடுத்தாள். தன் பெயரை எழுதப் பார்த்தாள். இரண்டு எழுத்துக்கு மேல் வரவில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் கோணல் எழுத்து. மறுபடி எழுதினாள். மூன்றாம் முறை பேனா நழுவிவிட்டது.

"இந்தக் கை போ... போயிடுச்சுப்பா" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். கோபப்பட்டிருக்கலாம்.

வலக்கைக்கு மாற்றி ஒரே மூச்சில் எழுதினாள். முத்து முத்தான எழுத்து. வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்ததால் கையின் நிழல் முழுக்கக் காகிதத்தில் விழுந்தது. "ந... நல்லா இருக்குப்பா மேஜை" என்றாள்.

ஜனவரி 25
காகிதம் எடுக்க டிராயரைத் திறக்கும்போதெல்லாம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இடப்பக்கம் திரும்புகிறாள். அப்படியே வலப்பக்கம் இருக்கட்டும் என்று கோமதி அன்றைக்கே சொன்னாள். உடைத்ததைத்தான் அடுப்பில் வைத்துத் தீர்த்தாயிற்றே.

பிப்ரவரி 6
இதை இடக்கையால் எழுதுகிறேன். அவள் மேஜையில். காலையிலிருந்து நாலு வரி. மணிக்கட்டு விண்ணென்று வலி. என் கையை யாரும் கட்டிவைக்கவில்லை, அடிக்கவில்லை. அப்படியும் வலக்கை தானாக எழுந்து வருகிறது.

தமயந்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அ... அந்தக் கையைக் கட்டிப் போடணும்பா. இ... இல்லேன்னா இது வராது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.