பாவி என்பது சுலபமான சொல்

1955 பிப்ரவரி 2, புதன்

சைகோனிலிருந்து என் கணவர் எட்டு வருடம் கழித்துத் திரும்பி மூன்று வாரம். விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து மாதா கோயில் பூசைக்குப் போகிறார். குடி இல்லை, பீடி இல்லை, சத்தம் இல்லை. “கொடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க” என்கிறாள் எதிர்வீட்டு தெரேஸ். சிரித்து வைத்தேன். என் இடது காது கேட்காது என்று அவளுக்குத் தெரியும். எதனால் என்று தெரியாது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்று எட்டு வருடமாக ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் பத்துப் பேர் சூழ நின்று பேசினார். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாயாகப் போனது, வயிற்றில் குண்டு பாய்ந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேசுநாதரைக் கூப்பிட்டு அழுதது. “நான் பெரிய பாவியா இருந்தேன்” என்றார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பாவியாம். என்ன பாவம், யாருக்குச் செய்த பாவம்? அதை ஏன் சொல்லவில்லை? நான் நாலடி தள்ளி நின்றேனே – என் பக்கம் கையை நீட்டிக் காட்டியிருக்கலாமே, மனுஷன்!

பிப்ரவரி 11

சோற்றை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். தனியாகச் சாப்பிடட்டும்.

பிப்ரவரி 19, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம் என் பாவம் என்று சொல்லத்தான் போனேன். “அவன் திருந்திட்டான் பிரகாசி, நீயும் மன்னிச்சுடும்மா” என்றார் சாமியார். சாமியாரிடம் அவர் மன்னிப்புக் கேட்டாயிற்று, ஆண்டவரிடம் கேட்டாயிற்று. அடி வாங்கியவளிடம் மட்டும் இன்னும் யாரும் கேட்கவில்லை. பாவப்பொறுத்தல் வாங்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 23, விபூதிப் புதன்

நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்தார். என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

“ஊருக்கெல்லாம் பாவின்னு சொல்றீங்களே, என் காதுக்கு என்ன ஆச்சுன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்வீங்களா?”

“கேக்காமப் போயிடுச்சுன்னு எனக்கு இங்க வந்துதான் தெரியும் பிரகாசி.”

“தெரிஞ்ச அன்னைக்கே நீங்க என்கிட்ட கேட்டிருக்கணும்.”

“சொல்றேன். போய்ச் சொல்றேன்.”

பிப்ரவரி 27, ஞாயிறு

நெடுங்காட்டுக்குப் போய் என் அண்ணன் அருளப்பனிடம் சொல்லிவிட்டார். அண்ணி, வேலையாட்கள் எல்லார் முன்னாலும். “குடிச்சுட்டு நான்தான் அடிச்சேன். கெணத்தடியில விழல.” அண்ணன் இவர் சட்டையைப் பிடித்து இரண்டு அறை அறைந்தாராம். வாங்கிக்கொண்டு நின்றாராம். உதடு வீங்கியிருக்கிறது. பிறகு என்னிடமும் சொன்னார் – மன்னிக்கச் சொல்லி அல்ல. “தப்பு என்னோடது” என்று மட்டும்.

சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் இன்னும் ஏறுகிறது. கேட்டதைச் செய்துவிட்டார். இனி எதைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவது? எட்டு வருஷம்! இரண்டு அறையில் முடிந்துபோகுமா?

மார்ச் 8, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நாலாம் வகுப்பில் கணக்கு. பின்னால் யாரோ சிரித்தார்கள். என் செவிட்டுக் காதைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றியது. நேரே போய் நபீசாவை அறைந்தேன். பிரம்பால் இல்லை, கையால், கன்னத்தில். பெஞ்சுப் பலகையில் தலை மோதியது. சிரித்தது அவள் இல்லையாம். யாராக இருந்தால்தான் என்ன?

அழவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்தது எப்போது வரும் என்று. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் பார்த்த பார்வை.

மார்ச் 9

அவள் அம்மா மெஹர் பானு வந்தார்கள். சண்டைக்கு வருகிறார்கள் என்று நினைத்தேன். “பரவால்லைங்க டீச்சர், நீங்க அடிச்சா நல்லதுக்குத்தான். புள்ள ஏதாச்சும் சேட்டை பண்ணியிருக்கும்.”

இல்லைம்மா, அவள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. பெரிய டீச்சர் பக்கத்தில் நின்றார். சொல்லவில்லை.

என் கணவர் நெடுங்காடுவரை போய்ச் சொன்னார். எனக்கு நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை.

மார்ச் 10, வியாழன்

வகுப்பு முழுவதையும் எழுந்து நிற்கச் சொன்னேன். “நபீசா தப்பு செய்யல. டீச்சர் கோபத்துல அடிச்சுட்டேன். தப்பு என்னோடது.” அவர் சொன்ன அதே வார்த்தை, வேறு வார்த்தை கிடைக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கும் போய் மெஹர் பானுவிடம் சொன்னேன். நபீசா கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை.

மார்ச் 13, ஞாயிறு

நபீசாவை அடித்ததை அவரிடம் சொன்னேன். வந்ததிலிருந்து நானாக அவரிடம் சொன்ன முதல் விஷயம் இது.

“அந்தப் புள்ள உன்கிட்ட சிரிக்கணும்னு எதிர்பாக்காத” என்றார்.

“நீங்க எதிர்பாத்துத்தானே வந்தீங்க?”

“கப்பல் ஏறும்போது எதிர்பாத்தேன். இப்ப இல்ல.”



ஏப்ரல் 9, பெரிய சனி

மறுபடி பாவசங்கீர்த்தனம். இந்தத் தடவை அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு குழந்தையை அடித்தேன் என்றேன். சொல்லும்போது, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவர் அழுதிருப்பார் என்று முதல் தடவையாக நம்பினேன். ஆண்டவரே, என் கையை மாற்றும் என்று கேட்டேன். கோபத்தை எடுத்துவிடும் என்று கேட்க இன்னும் மனசு வரவில்லை.

ஏப்ரல் 18, திங்கள்

நபீசா இன்று வகுத்தல் கணக்கில் சந்தேகம் கேட்டாள். மேசைக்கு வரவில்லை, என் கை எட்டாத தூரத்தில் சிலேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, அவளுக்குப் புரியும்வரை சொன்னேன்.

ராத்திரி அவருக்கு மீன்குழம்பு ஊற்றிவிட்டு எனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்தேன். பக்கத்தில் இல்லை, சுவரோரமாக, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். சாப்பிட்டோம்.