வெள்ளிக்கிழமை, சவரிமுத்து இல்லம்

மே 4, ஞாயிறு

நெட்டை மாமா,

கத்திரி இன்றைக்குத்தான் ஆரம்பம். முதல் பூசை முடிந்து ஏழரைக்கு வீடு திரும்புவதற்குள் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. மோரில் உப்பு போட மறந்துவிட்டேன். ஜெனி அப்படியே குடித்தாள். நம் மகள் இப்போதெல்லாம் என்னை எதற்கும் திட்டுவதில்லை. அது ஒரு கஷ்டம்.

இது உன் டைரி. போன வருஷம் நீ வேலை பார்த்த தோல் ஷாப்பில் கொடுத்தது. ஆகஸ்ட் பத்து வரைக்கும் உன் கையெழுத்து. என்ன ஷிப்ட், எந்த நாள் லீவு, சிலிண்டர் வந்த தேதி. அப்புறம் வெறும் தாள். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு என் தேதியைப் போடுகிறேன். அஞ்சாவதோடு நின்ற கை, பிழை இருக்கும். சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

விஷயம் இதுதான். பூசையில் நன்மை அப்பம் வாங்கிவிட்டு முட்டி போட்டிருந்தேன். உபதேசியார் அறிவிப்பு வாசித்தார். மே மாசம் அல்லவா, தினம் ஒரு வீடாக மாதா சுரூபம் பல்லக்கில் தெருத் தெருவாகப் போகிற மாசம். இந்த வாரம் நம் தெரு.

"வியாழன், இன்னாசிமுத்து இல்லம். வெள்ளி, சவரிமுத்து இல்லம்."

உன் பெயர். மைக்கில். நிதானமாக, மற்ற வீட்டுக்காரர்கள் பெயரோடு பெயராக. முன்னால் 'காலஞ்சென்ற' இல்லை. பின்னால் 'ஆன்ம இளைப்பாற்றி' இல்லை. ஒன்பது மாசமாக யார் உன் பெயரைச் சொன்னாலும் அதில் ஏதாவது ஒன்றை ஒட்டித்தான் சொல்கிறார்கள். இன்றைக்கு வெறும் சவரிமுத்து.

பெண்கள் பக்கத்தில் 'த்சொ' என்று ஒரு சத்தம். நாலைந்து தலை திரும்பியது. ஜெனி என் கையைப் பிடித்தாள். போன வருஷத்து லிஸ்ட்டையே தேதி மாற்றி வாசித்திருக்கிறார், அவ்வளவுதான். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது.

ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா. ஆண்கள் பக்கம் கடைசித் தூண் ஓரம் நீ நின்றுகொண்டு, உன் பெயர் வந்ததும் தொண்டையைச் செருமுவாயே, அதற்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இது பாவமா? பாவசங்கீர்த்தனத்தில் என்னவென்று சொல்வது?

மே 5, திங்கள்

வெயில். வெயில். கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஹால் முழுக்கத் தகரச் சூடு. கை வழுக்குகிறது.

சூப்பர்வைசர்: "இன்னாக்கா, ஊசியைப் பாரு. வானத்தையே பாத்துனு கீற."

"வானம் எங்கப்பா தெரியுது, தகரம்தான் தெரியுது."

பக்கத்து மிஷின்காரி சிரித்தாள். நானும் ஒரு வாய் சிரித்துவிட்டேன். உடனே காலடியில் வெட்டிப் போட்ட நீல ஸ்பாஞ்ச் துண்டு கண்ணில் பட்டது. போன ஜூனில் தினம் கேட்பாயே, குப்பைக்குப் போகிற துண்டுதானே, எடுத்து வா என்று. மாதா பல்லக்கு மெத்தைக்கு. தண்டு தோளை அறுக்காமல் இருக்க நாலு தண்டுக்கும் நீதான் தோலில் மெத்தை தைத்துக் கொடுத்திருந்தாய். பழசாகிவிட்டது, அடுத்த மே மாசத்துக்குப் புதுசு தைக்கிறேன் என்று உட்கார்ந்தாய். "இன்னும் கொண்டா, பத்தல" என்பாய். "எவ்ளோதான் அடைப்ப மாமா, மாதாவுக்குப் படுக்கை போடுறியா?" என்றேன். "தோள் வலிக்குதுடி" என்றாய்.

மாலை பிலோமினா அக்கா வந்தாள். இப்போதும் அவள்தான் அன்பியத் தலைவி. அந்த ஜெபக் குழுவில் இருக்கிற இருபது வீட்டுக்கும் அவள்தான் வாய்.

"லூர்து, மனசுல வெச்சிக்காதடி. அந்த உபதேசியாரை நல்லா கேட்டு உட்டேன். மனுஷன் போயி வருஷம் திரும்பல, பேரைப் படிக்கிறியே, கண்ணு இன்னா புடரியிலயா கீதுன்னு."

"பரவால்லக்கா."

"அடிச்சிடச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமையும் மாதா இன்னாசி வூட்லயே தங்கிடும். நீ பேஜார் பண்ணிக்காத."

சாவு விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்பும்வரை மாதா போவதில்லை. யார் வைத்த வழக்கமோ. நாமும்தான் அப்படியே இருந்தோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் முனை வீட்டைத் தாண்டிப் போனோமே, நீ தண்டைத் தூக்கிக்கொண்டு, நான் மெழுகுவத்தியோடு. அந்த வீட்டுக்காரி பாதிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்று முழுக்க அந்த முகம்தான்.

அக்கா போனபின் யோசித்தேன். ரேஷன் கார்டில் அடித்தார்கள். ஓட்டு லிஸ்ட்டில் அடித்தார்கள். கேஸ் புத்தகத்தில் என் பெயர் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் நானே கையெழுத்துப் போட்டேன். மாதா லிஸ்ட்டில் மட்டும் யாருக்கும் ஞாபகம் வராமல் நீ இருந்திருக்கிறாய்.

சாதம் குழைந்துவிட்டது.

மே 6, செவ்வாய்

அந்தோணியார் நவநாள். போகவில்லை. தண்ணீர் வருகிற நாள். எட்டுக் குடம். பாலாற்றில் மணல்தான் பளபளக்கிறது.

குழாயடியில் பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா. என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொன்னேன்.

"உங்க மாதா வரலைன்னு சொல்லிச்சா?"

"மாதா எங்கக்கா சொல்லும்."

"அப்ப சொன்னது பிலோமினாதானே? போய்க் கேளு. ஜாஸ்தி இன்னா செய்வா, கத்துவா. கத்தட்டும். என் வூட்டுக்காரர் போனப்ப நாலு மாசம் பத்து நாள் உள்ளயே இருந்தேன். வெளிய வந்த அன்னிக்கு முதல்ல இன்னா பண்ணேன் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு ஐஸ் வாங்கித் தின்னேன். அவரு இருந்தா வாங்கித் தந்திருப்பாரு."

குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள்.

குழாயடியில் நின்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. நம் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு என்னைப் பக்கத்தில் நிறுத்துவாய். உன் உள்ளங்கையை என் தோள்மேல் மட்டமாக வைத்து அப்படியே உன் நெஞ்சுக்குக் கொண்டுபோவாய். "இன்னாடி குள்ளச்சி, இங்கதான் வர்ற." இருபத்திரண்டு வருஷம் அதே விளையாட்டு. சலிப்பாக இருக்கும். கையைத் தட்டிவிடுவேன்.

இப்போது நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சும்மா.

ஜெனிக்கு வயிற்றுவலி மாத்திரை வாங்கணும்.

மே 7, புதன்

போனேன். பிலோமினா அக்கா வாசலில் வற்றல் காய வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை மாதா எங்க வூட்டுக்கு வரணும்."

"வழக்கம் தெரியாதா உனக்கு?"

"தெரியும். வரணும்."

"வந்தா மட்டும் போதுமா? எந்த வூட்டுக்குப் போவுதோ அந்த வூட்டு ஆளு இடது முன்தண்டு தூக்கணும். உன் வூட்ல ஆம்பள யாரு? உன் கொழுந்தன் ஓசூர்ல கீறான்."

"நான் தூக்குறேன்."

அக்கா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது, நான் இருக்கிற உயரத்துக்கு.

"நீயா? ஏன்டி, இன்னாசி வலது தண்டுல, நீ இந்தப் பக்கம் நின்னா மாதா சறுக்குமரம் விளையாடிடும்டி!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நடுவில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அந்த நெட்டையன் தூக்குனாலும் இந்தப் பக்கம் சாயும். துண்டை மடிச்சு மடிச்சு வெச்சு இன்னாசிக்குத் தோளே வீங்கிடும்" என்றாள். ஒன்பது மாசத்தில் உன்னை நெட்டையன் என்று சொன்ன முதல் ஆள். அதற்காகவே அவள் காலைத் தொடலாம் போல இருந்தது.

இரண்டு பேரும் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர் புதுசு, சின்ன வயசு. புது நன்மை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு வெள்ளை உடை அளவு பார்த்துக்கொண்டிருந்தார். "சட்டம் ஒண்ணும் இல்லம்மா. துக்க வீட்டுக்குத்தானே அம்மா முதல்ல போவாங்க" என்றார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அதுதான்.

அக்கா லிஸ்ட்டை எடுத்தாள். "பேரை மாத்திடட்டுமா? லூர்துமேரி இல்லம்னு?"

"வேணாம்க்கா."

"சரி. இந்த ஒரு வருஷம்."

மே 8, வியாழன்

வாங்க: மல்லி 4 முழம், மெழுகுவத்தி பெரிசு 2, கொண்டைக்கடலை 2 கிலோ, வெல்லம், ஊதுபத்தி, பேப்பர் பிளேட்டு. வெள்ளைத் துணி இருக்கிறது. சுண்டல் வேகவைக்க ஷமீம் அக்கா பெரிய தேக்சா தருகிறாள்.

கம்பெனியில் நாளைக்கு அரை நாள் சொல்லிவிட்டேன்.

ஜெனி கோபம். ஒன்பது மாசத்தில் முதல் தடவை கத்தினாள். "நீ தூக்கி, அது சாஞ்சி கீழ வுழுந்து, தெருவே சிரிக்கணுமா? அப்பா இருந்தா வுட்டிருப்பாரா?"

எனக்கு அவள் கத்தியது நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் என் நீலப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். மூக்கு உறிஞ்சிக்கொண்டே.

தலையணை உறையை மடித்துத் தோளில் வைத்துப் பார்த்தேன். நழுவுகிறது. துண்டு? நழுவுகிறது. என் பக்கம் சாய்ந்து மெழுகுவத்தி விழுந்தால் என்ன செய்வேன். உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் போய்க் கீழே போட்டேன் என்றால்?

பயம்.

மே 10, சனி. காலை

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. இப்போது மாதா நம் கூடத்தில், டிவி இருந்த இடத்தில். ஜெனி தூங்குகிறாள். மல்லி இன்னும் வாடவில்லை. சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அதற்குள் எழுதுகிறேன்.

ஆறரைக்கு இன்னாசி அண்ணன் வாசல். வெளிச்சம் இருந்தது. சுரூபத்தைப் பல்லக்கில் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. பிலோமினா அக்கா தெருவுக்கே கேட்கிற அந்தக் குரலில் கூப்பிட்டாள். "சவரிமுத்து வூட்டு ஆளு, முன்னாடி வா!"

ஒரு நொடி நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால். அப்புறம்தான் என்னை என்று புரிந்து போனேன்.

இன்னாசி அண்ணன் மெத்தைப் பெட்டியைத் திறந்தார். மூன்று மெத்தை ஒரே அளவு. நாலாவது மட்டும் குண்டாக, நாலு விரல் கனத்துக்கு மேல். அதை ஓரம் வைத்துவிட்டுப் பழைய துணியைக் கையில் எடுத்தார். நான் கேட்டேன், ஏன் அண்ணா அது வேண்டாம்.

"அதுவாம்மா, போன வருஷம் சவரி தச்சது. இடது முன்னாடிக்குன்னு சொல்லிக் குடுத்தான். ஏன்டா இவ்ளோ கனம்னு கேட்டேன், சிரிச்சான். இந்த மே ஒண்ணாம் தேதி கட்டிப் பாத்தோம், பல்லக்கு அந்தாண்ட சாயுது. யாருக்கும் சேரல. அப்பலேருந்து துணிதான் சுத்திக்கினு கீறோம்."

கையில் வாங்கினேன். கறுப்புத் தோல். உன் தையல், முடிவில் இரண்டு முடிச்சு போடுவாயே, அது. ஓரத்தில் லேசாகப் பிதுங்குகிறது ஸ்பாஞ்ச். எங்கள் கம்பெனி நீலம்.

"இதையே கட்டுங்கண்ணா."

கட்டினார். குனிந்து தோள் கொடுத்தேன். நிமிர்ந்தேன். கனம் வந்து உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், சாயப்போகிறது என்று.

அப்புறம் பிலோமினா அக்கா.

"ஏய் லூர்து! மட்டமா நிக்குதுடி!"

கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கத்து மெழுகுவத்தியும் ஒரே உயரம். ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். இன்னாசி அண்ணன் வெறும் தோளோடு, துண்டு இல்லாமல். "நட" என்றார். நடந்தேன். அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார்கள். முனை வீட்டைத் தாண்டும்போது அந்த அக்கா வெளியே வந்து எங்களோடு நடந்தாள். ஷமீம் அக்கா தேக்சா பக்கத்தில் முக்காடு போட்டு நின்றாள். நம் வாசல் வந்தது. நிலையில் இடிக்காமல் குனிய வேண்டும் என்று எல்லாரும் கத்தினார்கள். நான் குனியத் தேவையே இல்லை.

சுண்டல் பத்தவில்லை. அவ்வளவு பேர்.

எல்லாரும் போனபின் அந்த மெத்தையை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டேன். இப்போது மடியில் இருக்கிறது. காலையில் நிலைக்குப் பக்கத்தில் நின்று தோளில் வைத்துப் பார்த்தேன். எழும்புகிற உயரம் உன் தோள் அளவு எல்லாம் இல்லை. இன்னாசி அண்ணன் தோள் அளவு. சரியாக.

தோள் வலிக்கு என்றாய். உன் தோளில் இதைக் கட்டியிருந்தால் பல்லக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கும். அளவு தெரியாத ஆளா நீ. போன ஜூனில் உனக்கு ஒரு தலைவலிகூட இல்லையே, மாமா. இந்த வருஷம் நான்தான் தூக்குவேன் என்று உனக்கு யார் சொன்னது?