நாலாம் கட்டில் வாஷ்பேசின்

மார்ச் 3
லேப்பில் காலையிலேயே இருபத்தொரு சாம்பிள். மூன்றில் பெயர் இல்லை. வார்டுக்கு போன் போட்டுக் கத்தினேன். மதியம் ஐசியூ. தங்கச்சிக்கு வயிற்று ஆபரேஷன் முடிந்து நான்கு நாள், நாலாம் கட்டில். சூப் ஊட்டிவிட்டு, டம்ளரையும் ஸ்பூனையும் வழக்கம்போல் கட்டிலுக்குப் பக்கத்து வாஷ்பேசினில் கழுவிக் கவிழ்த்தேன். "எங்க போனாலும் உனக்குக் கழுவுற வேலைதான்" என்று கிண்டல் செய்தாள். தேறிவிட்டாள்.

மார்ச் 5
அவளுக்குக் காய்ச்சல். நூற்று மூன்று.

மார்ச் 7
அவள் ரத்தத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. என் மேசைக்கே வந்தது. சொந்த வீட்டுப் பெயர் இந்த மேசைக்கு வருவது இருபது வருஷத்தில் முதல் தடவை. கிருமி வளர்க்கும் தட்டில் பூசி, மேலே எட்டு மருந்து வில்லைகள் வைத்தேன்.

மார்ச் 8
மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாத வட்டம் விழ வேண்டும். எட்டில் ஒன்றுக்கும் இல்லை. தட்டை மாற்றி எடுத்துவிட்டேனோ? மூன்று முறை பார்த்தேன். அவள் பெயர்தான்.

டாக்டர் போனில் கேட்டார்: "எந்த மருந்துக்குக் கேக்குது?"

"எதுக்கும் கேக்கல, டாக்டர்."

ஜீன் பரிசோதனையையும் பார்க்கச் சொன்னார்.

ஜீன் பரிசோதனையும் வந்துவிட்டது. கடைசிக் கட்ட மருந்துகளையும் உடைத்துப் போடும் ஜீன் — ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்குத் தாவுகிற ரகம். மிச்சம் ஒரே ஒரு பழைய மருந்து. கிட்னியைப் பதம் பார்க்கும். ஏற்றுகிறார்கள்.

மார்ச் 9
தலைமை நர்ஸ் மேல் எல்லோர் முன்னாலும் பாய்ந்தேன். "உங்க பொண்ணுங்க கை கழுவுற லட்சணம் இதுதான்." நர்ஸுகள் கை, கட்டில் கம்பி, வாஷ்பேசின் எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து வந்தேன். யாரென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மார்ச் 11
கைகள் அத்தனையும் சுத்தம். நாலாம் கட்டில் வாஷ்பேசினில் தண்ணீர் போகும் ஓட்டையில் அதே கிருமி. அதே ஜீன்.

தலைமை நர்ஸ் சொன்னார்: "டிரிப்ல மிச்சமாகிற மருந்த வருஷக்கணக்கா அதுலதான் ஊத்துறோம். எங்க தப்புதான்."

தினம் கொஞ்சம் மருந்து குடித்தே பழகியிருக்கிறது, பாவிக் கிருமி.

"ஆனா தண்ணி விழுந்தா ஓட்டையில இருக்கிறது மேல தெறிக்கும்னு அங்க யாரையும் பாத்திரம் கழுவ விடுறதில்ல" என்று தொடர்ந்தார்.

"நான் தினம் கழுவினேனே?"

தலையைக் குனிந்துகொண்டார். "லேப் மேடம் ஆச்சே. உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டோம்."

நான்தான். ஆறாத வயித்துக்கு, அது தெறிச்ச ஸ்பூனால என் கையாலயே ஊட்டியிருக்கேன். ஓட்டைக்குள்ள என்ன வாழும்னு வருஷா வருஷம் வகுப்பு எடுக்கறவ — எப்படித் தோணாம போச்சு? எப்படி?

மார்ச் 12
தலைமை நர்ஸிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். விசாரணை அறிக்கையில் நான் கழுவிய டம்ளரையும் எழுதினேன்.

மார்ச் 17
காய்ச்சல் விட்டது. கிட்னி பாதிதான் வேலை செய்கிறதாம். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 20
சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். சூப் குடித்து முடித்தாள். பழக்க தோஷத்தில் டம்ளருக்குக் கை நீட்டினேன்.

"வை அக்கா. நான் கழுவிக்கிறேன்."

குரலில் கோபம் இல்லை. டிரிப் கம்பியைப் பிடித்தபடி, நின்று நின்று வராந்தாக் கடைசிக் குழாய் வரை போனாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. நான் நாற்காலியைவிட்டு எழவில்லை.